முளைக்காத தானியத்தில் ஒரு நாஷ்டா

அங்கன்வாடி வேலைக்குப் புதுசாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் முதலில் சொல்வது கோழியைப் பற்றித்தான். குழந்தைகளுக்குக் கஞ்சி கொடுத்து அனுப்பிய பிறகு, கொஞ்ச நேரம் வெளியே வந்து நின்று ஊர்க் கோழிகள் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள். நாம் ஊற்றிய கஞ்சி யார் வயிற்றுக்குப் போகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

இதை மீட்டிங்கில் எழுந்து சொல்லச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனாலும் எழுத வரும். எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களில் யாருக்காவது நல்ல குரல் இருந்தால் படித்துக் காட்டுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. மலை மேல் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அதற்கப்புறம் நடந்தே போக வேண்டிய ஊர் எங்களுடையது. அப்போது பால்வாடி என்றுதான் பேர். நான் அதில் ஆயா. சமைப்பது, கூட்டுவது, வராத குழந்தைகளைப் போய்த் தூக்கி வருவது என் வேலை. டீச்சர் வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் பெண். என்னைவிட வயதில் சின்னவர். வீட்டை விட்டு வந்து பால்வாடியை ஒட்டின அறையில் தங்கியிருந்தார். காலைச் சாப்பாட்டை அவர் நாஷ்டா என்பார். அவரிடம் கேட்டுக் கேட்டு எங்கள் மலைப் பிள்ளைகளும் நாஷ்டா என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு ஜீப்பு வந்து மூட்டைகளை இறக்கியது. கப்பலில் வந்த தானியம் என்றார் டிரைவர். மூட்டை மேல் இருந்த எழுத்தைப் படித்து, "ஓட்ஸ்" என்றார் டீச்சர். அந்தப் பேர் எங்கள் வாயில் நிற்கவில்லை. ஜீப்பு தானியம் என்று ஊரே வேறு பேர் வைத்துவிட்டது. சாமை மாதிரி உருண்டையாக இருக்காது. வெள்ளரி விதை மாதிரி தட்டையாக, தொட்டால் கையில் மாவு ஒட்டும். உட்கார ஆரம்பித்த கைக்குழந்தைகளுக்குக் காலையில் இதைக் கூழாகக் காய்ச்சி ஊட்ட வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. எப்படிக் காய்ச்சுவது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் பிள்ளை தானாகவே தட்டில் கை வைக்கும் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். அதனால் அம்மாக்கள் இதை வாங்குவார்களோ மாட்டார்களோ என்று எங்களுக்கு ஒரே கவலை. ஆனால் மணி அடித்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எல்லாரும் வந்தார்கள். வாங்கிக்கொண்டு போனார்கள். காலிக் கிண்ணத்தைக் காட்டிவிட்டும் போனார்கள். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரு நாள் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றப் பின்பக்கம் போனேன். பலா மரத்தடியில் ஊர்க் கோழி மொத்தமும் நின்றது. நடுவில் முனியம்மா கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா முனியம்மா இது?"

"இன்னான்னா? கோழிக்கு நாஷ்டா."

"உன் புள்ளைக்கில்ல குடுத்தேன்?"

"வேணாம்னா டீச்சர் மொகம் வாடிப்போவுது. அதான் வாங்கிக்கறோம். நீயும் பாவம், காலங்காத்தால பொகையில நிக்கற."

"ஏன் வேணாம்?"

முனியம்மா குரலைத் தாழ்த்தினாள். "வேடி போட்டுப் பாத்துட்டாரு. முளைக்கல."

வேடி என்பவர் ஊரில் நல்ல விவசாயி. அவருக்கு உட்காரத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தை. மூட்டை இறக்கும்போது சிந்தின ஜீப்பு தானியத்தில் ஒரு பிடியை எடுத்து வைத்து, வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி, எரு போட்டு, கோழி கிளறாமல் முள் அடைத்து விதைத்திருக்கிறார். எங்கள் மலையில் அது வழக்கம். சந்தையில் புதுசாக எந்தத் தானியத்தைக் கண்டாலும் ஒரு பிடி மண்ணில் போட்டுப் பார்ப்போம். முளைத்தால் உயிருள்ள தானியம். முளைக்காவிட்டால் அதில் ஏதோ கோளாறு என்று தள்ளி வைத்துவிடுவோம். வேடி பாத்தியில் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஊறிப் புளித்து நாற்றம் எடுத்துவிட்டது. ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியாது.

"செத்த தானியம்கா அது," என்றாள் முனியம்மா. "மொத மொத புள்ளை வாயில வெக்கறதுக்கு அதானா கெடைச்சுது?"

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அந்த மண்ணில் பிறந்தவள். முளைக்கவில்லை என்று கேட்டதும் எனக்கே அந்த மூட்டைகள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

டீச்சரிடம் சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. "அவர் கேக்கறது நியாயம்தானே ஆயா. நாமதான் பதில் சொல்லணும்," என்றார். அன்று சாயங்காலமே குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். இது மிஷினில் வேகவைத்து நசுக்கினது, அதனால்தான் முளைக்கவில்லை, சத்து அப்படியே இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாரும் மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள். மறுநாளும் கோழிகள் கூடின.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மலைப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. ஜீப்பும் வரவில்லை. பால்வாடியில் இருந்த பால்பவுடரும் ஈரம் ஏறிக் கட்டிப்போய்க் கொட்டிவிட்டோம், ஜீப்பு தானியம் மட்டும்தான் மிச்சம். பழைய சாமை எல்லார் வீட்டிலும் அடிதட்டிவிட்டது, புதுசு இன்னும் கதிரில் நின்றது. இந்த நேரம் பார்த்து வேடியின் பெண்சாதி பொன்னி காய்ச்சலில் படுத்தாள். காய்ச்சல் விட்டபோது அவளுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் கேவுரு என்கிற கேழ்வரகுக் கூழின் தெளிவும்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காலையில் அடுப்பை மூட்டி ஜீப்பு தானியத்தைக் காய்ச்சி இறக்கியிருந்தேன். பின்கதவு தட்டுகிற சத்தம். பொன்னி நனைந்துபோய் நின்றாள். முந்தானைக்குள் குழந்தை.

"அக்கா, அவரு கொல்லைக்குப் போயிருக்காரு. யாரும் பாக்கல. ஒரு வாய் ஊட்டிடுங்கக்கா."

"அவரு கேட்டா?"

"கேக்கட்டும். செத்த தானியமோ இன்னாவோ, எம் புள்ளை கண்ணெதிர்லயே போவுதுக்கா."

குழந்தையைக் கையில் வாங்கினேன். முறத்தில் உமியைத் தூக்குகிற மாதிரி இருந்தது. அழக்கூட அதுக்குத் தெம்பு இல்லை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. உட்கார்ந்து, மடியில் போட்டு, கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதினேன்.

டீச்சர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நில்லுங்க ஆயா."

"கண்ணு சொருகுது டீச்சர்."

"பாத்தேன். இன்னைக்கு மறைச்சு ஊட்டிடலாம். நாளைக்கு? அதுக்கு மறுநாளு? தினம் மூணு வேளை இவ இந்தப் பின்கதவுக்கு வர முடியுமா?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ராத்திரி இதுக்கு வயித்தால போச்சுன்னு வெச்சுக்குங்க. ஏற்கெனவே நோஞ்சானா இருக்கு, எதனால வேணா போலாம். நாம ஊட்டினதாலதான்னு ஆயிடும். பொன்னியை வூட்டுல வெச்சிருப்பாங்களா? வேற ஒரு புள்ளையாவது இந்தப் பக்கம் வருமா?"

"அதுக்காக ஊட்டாம வுட்டுடறதா?" பொன்னி கத்திவிட்டாள்.

"ஊட்டணும். இப்பவே ஊட்டணும். அவர் எதிர்ல ஊட்டணும். ஆயா, நீங்க போய்க் கூட்டியாங்க."

"நானா? எனக்குப் பேச வராதே டீச்சர். நீங்க வாங்க."

"நான் பேசித்தான் பாத்துட்டேனே. மலைக்குக் கீழேயிருந்து வந்த கீழ்நாட்டுக்காரி சொல்றான்னு தலையை ஆட்டறாங்க. நீங்க பேசவே வேணாம். கண்ணால பாக்கற மாதிரி எதையாவது காமிங்க."

அவர் அப்படிச் சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கி, காய்ச்சி ஆறின தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதன் உதட்டில் விட ஆரம்பித்தார். நான் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வேடியின் கொல்லைக்கு, சாமை விளைகிற காட்டுக்கு, நடந்தேன். எதைக் காட்டுவது? வழியெல்லாம் அதுதான் யோசனை. முனியம்மா வீட்டு வாசலில் உரல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பசிக்கு, ஊறின சாமையைச் சட்டியில் வறுத்து, சூட்டோடு உரலில் போட்டு ரெண்டு குத்து குத்தித் தின்போம். தட்டைத் தட்டையாக வரும்.

வேடி கொல்லைக் காவல் கொட்டாயில் உட்கார்ந்து கிளி விரட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வூட்டுல வெதைச் சாமை மீதி இருக்குதா?"

"இருக்குது. இன்னாத்துக்கு?"

எனக்கு வார்த்தை வரவில்லை. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். "அது முளைக்குமா?"

அவ்வளவுதான். மனிதர் கொட்டாயிலிருந்து குதித்து இறங்கிவிட்டார். "எவன் சொன்னான் முளைக்காதுன்னு? என் வூட்டு வெதையை வாங்கிப் போட்டு ஏமாந்தவன் ஒருத்தனைக் காட்டு!"

"எடுத்துக்கினு பால்வாடிக்கு வாண்ணா. பாக்கணும்."

வழி நெடுக அவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அந்தச் சத்தம் கேட்டே ஊரில் பாதிப் பேர் பின்னால் வந்துவிட்டார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டிய வேலை மிச்சம்.

பால்வாடிக்குள் பொன்னியையும் குழந்தையையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நீ இங்க இன்னா பண்ற?"

பொன்னி தலையைக் குனியவில்லை. "புள்ளைக்குச் சோறு தேடி வந்தேன்," என்றாள்.

அவர் கோபம் மேலே ஏறுவதற்கு முன்னால் நான் அவர் கையிலிருந்த சாமையை வாங்கிக் கொதிக்கிற வெந்நீரில் போட்டுவிட்டேன். ஊறினதும் வடித்து, சட்டியில் வறுத்தேன். அதுவரைக்கும் யாரும் போகவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்க்கிற ஆசை. சூட்டோடு பால்வாடி உரலில் கொட்டி, உலக்கையை வேடியிடம் நீட்டினேன்.

"நானா?"

"நீதாண்ணா. என் கை பட்டா மாத்திட்டேம்பாங்க."

எங்கள் ஊரில் ஆம்பிளை உலக்கை பிடித்து அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. முனியம்மா சும்மா இருப்பாளா?

"வாங்கடி வாங்க, வேடி மாமா உலக்கை புடிச்சுட்டாரு! பொன்னி, நாளையிலேர்ந்து நீ ஏர் ஓட்டப் போ!"

"மாமா, சேலை ஒண்ணு தரட்டுமா, சொருகிக்கிறியா?"

அவர் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் குத்தினார். உலக்கை ஒரு பக்கமாகப் போனது, பாதி சாமை வெளியே தெறித்தது. நான் மீதியை அள்ளி முறத்தில் போட்டு உமியைப் புடைத்துத் தள்ளினேன். அவரை உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ஒரு கையில் அந்தச் சாமையை வைத்தேன். மறு கையில் மூட்டையிலிருந்து எடுத்த ஜீப்பு தானியத்தை வைத்தேன். ரெண்டும் தட்டை. ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது என் சாமை."

"ஆமாண்ணா."

"இத இப்பப் போட்டா முளைக்காது."

அவர் மறு கையைப் பார்த்தார்.

"அப்ப அதுவும்..."

"அதையும் இடிச்சிருக்காங்கண்ணா. இடிக்கறதுக்கு முன்னால அதுவும் உருண்டையாத்தான் இருந்திருக்கும்."

முனியம்மா மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். "அவ்ளோத்தையுமா? எவ அவ? தோள்பட்டை கழண்டிருக்குமே!"

"மிஷின்தான் முனியம்மா," என்றார் டீச்சர்.

"மிஷின் தானாவா ஓடும்? நின்னு போட ஒரு ஆளு வேணுமில்ல? அவளுக்கும் வூட்டுல ஒரு புள்ளை இருக்கும்."

டீச்சர் வீடு வீடாகப் போய் இதையேதான் சொன்னார். சொன்னபோது ஏறவில்லை, தன் கையால் இடித்துப் பார்த்தபோது வேடிக்கு ஏறியது. சொல்வதில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. கேட்கிறவர்களுக்குப் பழக்கமான வேலை எது என்று கண்டுபிடித்து, அதன் வழியாகப் போக வேண்டியிருந்தது.

வேடி கூழை முதலில் தான் வாயில் போட்டுப் பார்த்தார். "உப்புமில்ல, ஒறைப்புமில்ல."

"அது உனக்கில்லண்ணா."

அவர் குழந்தை பக்கம் திரும்பினார். "ஊட்டு," என்றார் பொன்னியிடம்.

முதல் வாயைக் குழந்தை துப்பிவிட்டது. ரெண்டாவதை நாக்கால் புரட்டிப் பார்த்தது. மூன்றாவதை விழுங்கியது. கூழ் வழவழவென்று இருந்ததால் தொண்டையில் சிக்காமல் இறங்கியது. அதற்கப்புறம் கரண்டியைத் திருப்பி எடுக்க விடவில்லை, பொன்னியின் விரலைப் பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் ஒரே சத்தம். பொன்னி அழுகிறாள், ஊட்டுகிறாள். வேடி கிண்ணத்தை வாங்கி விளிம்பெல்லாம் வழிக்கிறார். "இன்னும் ஊட்டு. இன்னும் கொண்டா. பானையோட கொண்டா!"

பிள்ளைகளே, இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எதிர்ப்பு இருக்கும்போது நாம் ஜாக்கிரதையாக இருப்போம். எல்லாரும் நம் பக்கம் சாய்ந்து, கை தட்டி, இன்னும் கொடு என்கிறபோதுதான் புத்தி தவறும். அந்தக் குழந்தையின் வயிறு பல நாள் காய்ந்த வயிறு. ஒரேயடியாக நிரப்பினால் தாங்காது. சாயங்காலத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்புறம் குழந்தையும் இல்லை, நாஷ்டாவும் இல்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன்னால் நான் எப்படிச் சொல்வது? டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பானை என் கையில் இருந்தது.

"போதும்," என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவ்வளவு சத்தம்.

"இன்னா போதும்? புள்ளை வாயத் தொறக்குது!"

"எனக்கும் கண்ணு தெரியுதுண்ணா. போதும். கொஞ்ச நேரம் போவட்டும், மறுபடி தரேன்." பானையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

வெளியே முனியம்மா சொல்வது கேட்டது. "நல்லாருக்குதே! வேணாம்னப்ப தூக்கம் கெடுத்து ஊட்ட வந்தா, வேணும்னா இல்லைன்றா!"

குழந்தையும் அழுதது. தெம்பாகவே அழுதது. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு உள்ளே நிற்பது லேசான காரியம் இல்லை. வேடி ரெண்டு தடவை அடுக்களை வாசலுக்கு வந்து, என்னை முறைத்துவிட்டுப் போனார். டீச்சர் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு வழி விடவில்லை.

அன்றைக்கு முழுக்க அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. இடைவெளி விட்டு விட்டுக் கொஞ்சம் கூழ், கொஞ்சம் தண்ணீர். மழை விடாமல் பெய்தது. வேடி வாசற்படியில் உட்கார்ந்து குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வாந்தி வரவில்லை. வயிற்றால் போகவும் இல்லை. பொழுது சாயும் நேரம் டீச்சர், "யா அல்லா!" என்று எழுந்து நின்றார். நாங்கள் பதறிப்போனோம். அவர் மடியெல்லாம் ஈரம். காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூட மூத்திரம் போகாத குழந்தை அவர் புடவையை முழுசாக நனைத்துவிட்டது. டீச்சர் ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அழுகிறார். பொன்னி அவர் காலைப் பிடிக்கப் போக, "இருங்கம்மா, மொதல்ல மாத்துப் புடவை எடுக்கறேன்," என்று அறைக்குள் ஓடினார்.

ஊருக்கு அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் மணி அடித்தபோது வந்த அம்மாக்கள் பால்வாடியிலேயே உட்கார்ந்து ஊட்டினார்கள். கோழிகள் பலா மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கலைந்தன.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். "ஜீப்பு நம்மளுது இல்ல ஆயா. எப்ப வேணா நிக்கும்." அதனால் புதுச் சாமை வந்ததும் அதையும் தட்டையாக இடித்து ஜீப்பு தானியத்தோடு கலந்து காய்ச்சினோம். முதலில் கொஞ்சம் சாமை, அப்புறம் பாதி. அம்மாக்கள் வீட்டிலேயே இடித்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். கொஞ்ச காலம் கழித்து டீச்சர் சொன்ன மாதிரியே மூட்டை வருவது நின்றது. ஒரு குழந்தையின் நாஷ்டாவும் நிற்கவில்லை.

வேடிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. அந்தப் பாத்தியை அவர் கலைக்கவே இல்லை. முள் அடைப்பைச் சரி செய்து, களை பிடுங்கி, வெறுமையாக வைத்திருந்தார். ஜீப்பு வரும்போதெல்லாம் டிரைவரிடம் போய் நிற்பார். "இடிக்காதது ஒரு பிடி கொண்டாங்க சார். முளைச்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்." டிரைவரும் சரி சரி என்பார். கடைசி வரைக்கும் கொண்டு வரவில்லை.

ஜீப்பு நின்ற வருஷம் அந்தப் பாத்தியில் கேவுரு போட்டார். அறுத்ததும் கூடையில் எடுத்துக்கொண்டு நேராகப் பால்வாடிக்குத்தான் வந்தார். கூடையை என் முன்னால் இறக்கினார்.

"இது முளைச்சுது. நானே பாத்தேன். பயப்படாம ஊட்டு," என்றார்.

அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்த மகள், பெரியவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கவில்லை. கூடைக்குள் ரெண்டு கையையும் விட்டு, பச்சைக் கேவுரை அள்ளி வாய் நிறையப் போட்டுக்கொண்டாள். வேடி என்னைப் பார்த்தார். நான் போதும் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

நான் சொல்லவில்லை.